தல்லாகுளத்தில் மூச்சு எடுத்தது யார்?

786

மதுரை, காஜிமார் தெரு,
1936, நவம்பர் 3.

திண்டுக்கல்லில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் நைனா முகமது அவர்களுக்கு, மதுரையிலிருந்து சேக் இஸ்மாயில் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாவின் கிருபையால் இங்கே நானும், உங்கள் தங்கை லத்தீபாவும், மகள் சாதிகாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் சைனப் அக்காவும் சுகமாக இருக்க துவா செய்கிறோம். சைனப் அக்காவின் முழங்கால் வலி இப்போது தேவலையா என்று லத்தீபா கேட்கச் சொன்னாள்.

சாதிகாவின் நிக்காஹ் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திண்டுக்கல் பேண்டு செட்டை எப்படியாவது பேசிக் கூட்டிவாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு நீங்கள், "கருத்தக்கண்ணன் இருக்கும்போது திண்டுக்கல் பேண்டு எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஒரே செட்டில் ஊதிய நானும் அவனும் பிரிந்து வருஷம் ஒன்றாகிறது. உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதுகிற அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு அதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கிளாரினெட் ஊதினாலும் கேட்கிறவனுக்கு ஒரே குழல்தான். நான் மூச்சு எடுக்கிற இடத்தில் அவன் பிடித்துக்கொள்வான், அவன் எடுக்கிற இடத்தில் நான் பிடித்துக்கொள்வேன், மெட்டு தெருக்கோடிவரைக்கும் அறுந்துபோகாது. எங்கள் பேரே அதனால் வந்ததுதான். போன வருஷம் தல்லாகுளத்தில் ஒரு உத்தியோகஸ்தர் வீட்டுக் கல்யாணம். ஊர்வலம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு எடுத்துவிட்டோம். மெட்டு நின்றது, மெட்டு நின்றதும் தமுறு கொட்டுகிறவன் திகைத்துப் போய் அவனும் நிறுத்திவிட்டான், தெருவே கப்சிப். பேண்டுச் சத்தத்தில் காது கேட்காது என்று மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் வந்த அம்மாளிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவள், அந்த அமைதியில், "மேல்வரிசைப் பல்லு அம்புட்டும் கட்டுன பல்லுன்னு பொண்ணு வீட்டுக்கு இன்னும் தெரியாதுடீ!" என்றாள். மாப்பிள்ளை அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவர், வாயை மூடினார். அதற்குப் பிறகு அவர் தாலி கட்டி முடிகிறவரை வாயைத் திறக்கவே இல்லை. எங்களுக்குப் பந்தியில் இலை போடவும் இல்லை.

இதில் தப்பு யார்மேல் என்றால், அந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டியது நான். அவன் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஒன் முறை முந்தின திருப்பத்துலயே முடிஞ்சுபோச்சு மாப்ள, இது என் முறை" என்றான். நான் இல்லை என்றேன். தல்லாகுளத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வருகிறவரைக்கும் இதே பேச்சு. ஆற்றுக்குள் வைத்து நான் மெட்டை வாயால் பாடிக் காட்டினேன், அவனும் பாடிக் காட்டினான், துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அக்கரை ஏறியதும் அவன் தன் ஊருக்குப் போகிற பாதையில் திரும்பிப் போய்விட்டான். போகும்போது, "சரிங்க பாய்" என்றான். கேட்டுக்கொள்ளுங்கள் மச்சான், வாலிபத்திலிருந்து மாப்ள மாப்ள என்று கூப்பிட்ட வாய், அன்றைக்கு என்னைப் பாய் என்றது, அதுவும் 'ங்க' போட்டு. மனசு கசந்துதான் போனது. மேலே கோபதாபம் இல்லை என்று எழுதியிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும், அடித்தால் கடுதாசி அசிங்கமாகிவிடும்.

பிறகு அவன் தனி செட்டு வைத்தான், நானும் வைத்தேன். எனக்குத் துணைக் குழலுக்கு நல்லகாமன் என்று ஒரு பையன் கிடைத்தான். தங்கமான பிள்ளை, வாத்தியமும் சுத்தம். ஒரே ஒரு குறை, நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுகிறான். "ஏண்டா, நான் மூச்சு எடுக்கும்போதுதானே நீ ஊதணும்?" என்றால், "அண்ணே சும்மா இருக்கையில நான் ஊதுனா மரியாதையா இருக்குமாண்ணே?" என்கிறான். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவான், ஊர்வலத்தில் பார்த்தால் நான் நிறுத்தியதும் குழலை இறக்கிவிட்டுக் கைகட்டி நிற்பான். மெட்டில் அங்கங்கே ஓட்டை விழுகிறது. கருத்தக்கண்ணனுக்கும் அதே கதிதான் என்று கேள்வி. அவன் மேலூர்ச் சந்தையில் வைத்து, "பாய்க்கு இப்பல்லாம் மூச்சுத் தாங்கல" என்று சொன்னானாம். நான் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பு ஊதுகிறவன் என்று மட்டும்தான் சொன்னேன்.

போன ஆவணியில் கீழமாசி வீதியில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டார் எங்களைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பேசியிருந்தது எனக்குத் தெரியாது. நான் வீதியின் இந்தக் கோடியிலிருந்து வருகிறேன், அவன் அந்தக் கோடியிலிருந்து வருகிறான், இரண்டு பேரும் ஊதியது ஒரே மெட்டு, வேறு மெட்டுத் தெரிந்தால்தானே. பந்தலை நெருங்க நெருங்க நான் விட்ட இடத்தில் அவன் குழல் கேட்கிறது, அவன் விட்ட இடத்தில் என் குழல். ஜனங்கள், "பிரிஞ்சவுக சேந்துட்டாகப்பா!" என்று கை தட்டினார்கள். ஒருத்தர் ஒரே மாலையை எங்கள் இரண்டு பேர் கழுத்துக்கும் சேர்த்துப் போட வந்தார். எனக்கு ஆத்திரம் வந்து சட்டென்று நிறுத்தினேன். அதே நேரத்தில் அவனுக்கும் ஆத்திரம் வந்து நிறுத்திவிட்டான். மறுபடியும் கப்சிப். நல்ல வேளை, அன்றைக்கு யாரும் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். சம்பந்தி மேலூர்க்காரர், "ஊதுறவரு வீட்டுக் கல்யாணம், பேண்டு ஒங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அப்துல் அலீம் குதிரையில் வந்து இறங்கும்போது பெண்ணைப் பெற்றவன் பந்தல் வாசலில் நின்று கட்டித் தழுவி வரவேற்க வேண்டும். குதிரைக்கு முன்னால் கிளாரினெட் ஊதிக்கொண்டு வர முடியுமா? ஊர் என்ன சொல்லும்? என் செட்டை மட்டும் அனுப்பலாம் என்றால், நான் இல்லாமல் ஊதுவது மரியாதையில்லை என்கிறான் நல்லகாமன். கருத்தக்கண்ணனிடம் போய் நிற்க என்னால் முடியாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊதினேன், என் ஒரே மகள் கல்யாண ஊர்வலம் ஊமையாகப் போகக் கூடாது. அதனால் திண்டுக்கல் பேண்டை அவசியம் கூட்டிவாருங்கள். அவன் குழல் என் வாசலில் கேட்கக் கூடாது. இது என் கடைசிப் பேச்சு.

சைனப் அக்காவுக்கு என் ஸலாம். எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் ஆண்டவன் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
சேக் இஸ்மாயில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். கூட அவன் பெண்சாதி செல்லத்தாய், கையில் ஒரு தார் வாழைப்பழம். பேண்டை என் பொறுப்பில் விட்ட சம்பந்தியே, மேலூரில் அவனைப் பார்த்ததும் ஊதக் கூப்பிட்டாராம். "வரமாட்டேன்னு சொல்லிட்டேன். ஒன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "ஏன், எம்மக கல்யாணத்துக்கு ஊத ஒனக்குக் கசக்குதோ?" என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒத்தையா ஊதுனா நடுவுல நடுவுல ஓட்டை விழுது மாப்ள. ஊரான் வீட்டு ஊர்வலத்துல விழுந்தா விழுந்துட்டுப் போகுது. நம்ம சாதிகா ஊர்வலத்துல விழலாமா?" என்றான். லத்தீபா உள்ளே போய்ச் சோற்று உலையில் இன்னும் இரண்டு ஆழாக்கு அரிசி போட்டாள்.

ஆகவே திண்டுக்கல் பேண்டு வேண்டாம். பேசியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தல்லாகுளத்தில் மூச்சு எடுத்தது யார் என்பது இன்னும் தீரவில்லை, சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்து இரண்டு பேர் கையும் காய்ந்துபோய்விட்டது. நீங்கள் மட்டும் ஒருநாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். தாய்மாமன் என்ற முறையில் பந்தல் வாசலில் என் இடத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். மாமனார் எங்கே என்று யாராவது கேட்டால், குதிரைக்கு முன்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.