விரல் ஞானியின் எழுத்துப் பலகை

காலை எட்டு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். 'ஒன்றும் தெரியாது' என்று உலகம் ஒதுக்கியவர்களைத் தத்துவம் பேச வைக்கிறாராம் விரல் ஞானி! எப்படி? அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். எதிரே எழுத்துப் பலகை. விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொடும். சீடர் உரக்கப் படிப்பார். கூட்டம் கண்ணீர் விடும். வளர்ந்த மனிதனின் கையை இன்னொருவர் எதற்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம் அல்லவா!

முன்வரிசையில் ஒரு தம்பியும் அக்காவும். தம்பிக்கு முப்பது வயது. எதையும் மெதுவாகக் கற்பான், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுவான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நான்கு வருடமாக வேலை. போன வாரம் அவன் விரல் பலகையில் சொல்லிவிட்டது: "வேலை வேண்டாம். ஞானியோடு தங்கி உலகுக்கு உண்மை சொல்வேன்." அக்கா உருகிப்போனாள். இன்று அவனை ஒப்படைக்கப் பெட்டியோடு வந்திருந்தாள்.

சலவைக்கூட மேற்பார்வையாளர் சும்மா இருப்பாரா? அந்த அம்மாவும் வந்துவிட்டார். படம் போட்ட அட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஆறு மாதம் பக்கத்தில் நின்று தம்பிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அவற்றில் சில அட்டைகள் இப்போது அவர் மேலங்கிப் பையில்.

"ஐயா, ஒரு அட்டை காட்டுறேன். அதுல என்ன இருக்குன்னு தம்பி விரல் சொல்லட்டும்."

"நானும் பார்க்கணும்மா. அப்பதான் அலைவரிசை ஒத்துப்போகும்," என்றார் ஞானி.

"தாராளமா!"

மேற்பார்வையாளர் முன்வரிசையில் இருந்த தம்பிக்கு மட்டும் தெரியும்படி ஓர் அட்டையைக் காட்டினார். அது பைக்குள் போனது. பிறகு மேடையேறி, பையிலிருந்து எடுத்ததை ஞானியிடம் காட்டினார். தம்பியை மேலே உட்கார வைத்தார்கள். ஞானி மணிக்கட்டைப் பிடித்தார். விரல் பறந்தது.

"வா... ளி. வாளி!" சீடர் முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"நீ பார்த்தது என்னப்பா?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு, மேற்பார்வையாளர் பொறுமையாகக் காத்திருந்தார்.

தம்பி கையை உருவிக்கொண்டான். "தலையணை... உறை."

அந்த அம்மா இரண்டு அட்டைகளையும் தூக்கிக் காட்டினார். ஒன்றில் உறை, மற்றதில் வாளி. "வாளியப் பார்த்தது நீங்க மட்டும்தானே ஐயா? அப்ப எழுதினது யாரு?"

"சந்தேகப்படுறவங்க இருந்தா அலைவரிசை கெட்டுப்போகும்மா..."

"சரி, இன்னொரு தடவை எழுதுங்க. இப்ப உங்க கண்ணைக் கட்டிடலாம்."

ஞானிக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது, பாவம். பின்வாசல் வழியே போனவர் திரும்பவில்லை. சீடர் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அக்கா உடைந்து அழுதாள். "தினமும் காலையில பையை மாட்டிக்கிட்டு 'வேலைக்குப் போறேன்'னு வாசல்ல நின்னான். 'பேசாம இரு, நீயே வேணாம்னு எழுதிட்டே'ன்னு நான்தான் உட்கார வச்சேன்."

"இப்பக் கேளுங்களேன்," என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு என்னடா செய்யலாம்?"

அவன் யோசித்தான். மண்டபமே காத்திருந்தது.

"வேலைக்கு... போறேன். கைய... விடுக்கா."

மகாஜனங்களே! ஒரு மனிதன் வாய்திறந்து ஒரு வாரம் சொன்னதை விட்டுவிட்டு, மரப்பலகைக்குக் கைதட்டினீர்களே! அவனுக்கு யோசிக்க ஒரு நிமிடம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டான். உங்களுக்கு இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?