ஐந்து படிக்கட்டும் அரவணைப்புக் குழுவும்

மனிதரை மனிதர் அரவணைக்கும் கலை உச்சத்தைத் தொட்ட இடம், கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள எங்கள் யூதத் தொழுகைக்கூடம்தான். மற்ற ஊர்களில் ஆட்களைச் சும்மா சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் அதற்கென்று ஒரு குழுவே வைத்திருக்கிறோம். குடியேறி இரண்டே வருடமான என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தட்டச்சு தெரியும் என்பது என் தகுதி.

மூன்று ஆண்டுகளில் நாற்பத்தொரு கூட்டம். சாதனை: வாசல் கதவின் வெளிப்பக்கம் தங்க எழுத்தில், "இங்கே யாரும் வெளியாள் இல்லை". வாசலின் ஐந்து படிகளுக்கும் பக்கத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதும் முடிவாகிவிட்டது. கைப்பிடியின் நிறம் மட்டும் 'பரிசீலனையில்' உள்ளது.

போன செவ்வாய்க்கிழமை காலை, கொட்டும் பனியில், ஹெர்ஷல் கிராவிட்ஸ் தன் சக்கர நாற்காலியோடு படிக்குக் கீழே வந்து நின்றார். அன்று அவர் அம்மாவின் நினைவு நாள். அம்மாவுக்காகக் காதிஷ் துதி சொல்ல வேண்டும். பத்துப் பேர் கூடாமல் அதைச் சொல்லக் கூடாது.

குழுத் தலைவி ரோஸ்லின் அம்மா உள்ளே தலைகளை எண்ணினார். மனிதர்களை எண்ணக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்று எண்ணிக்கொண்டே போய், "ஒம்பது இல்ல"வில் நின்றுவிட்டார்; ஓர் ஆள் குறைவு.

"கீழ ஹெர்ஷல் இருக்காரேம்மா. நாலு பேரா தூக்கிட்டு வந்துடலாமா?" என்றேன்.

"தூக்கறதா? கண்ணியக் குறைவுன்னு தீர்மானம் போட்டோமே, நீதானே டைப் பண்ணே? கதவைத் திற. வெளிய நின்னாலும் முகம் தெரிஞ்சா கணக்குல சேர்க்கலாம்னு சட்டமே இருக்கு."

திறந்தேன்.

"ஹெர்ஷல்! மூஞ்சி தெரியுது! நீங்கதான் பத்தாவது!"

"மூக்கும் தெரியுதாம்மா? இருக்கா, விழுந்துடுச்சான்னு எனக்கே தெரியல."

'உறுப்பினர் நகைச்சுவையோடு பங்கேற்றார்' என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் ரோஸ்லின் அம்மா.

தொழுகை தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே முணுமுணுப்பு.

"கதவைச் சாத்துங்கப்பா, காது உறைஞ்சு போச்சு."

"சாத்தினா நாம ஒம்பதுய்யா. பொறு."

காதிஷ் சொல்லும் கட்டம் வந்தது. ஹெர்ஷல் கையுறையைக் கழற்றி, புத்தகத்தைத் திறந்தார். அப்போது பல் டாக்டர் செல்னிக் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "என்ன ஹெர்ஷல், குளிர் எப்படி?" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு, ஐந்து படியையும் மூன்றே தாவலில் ஏறி உள்ளே வந்தார்.

உள்ளேயே பத்து.

"தம்பி, கதவைச் சாத்து."

"அம்மா, அவர் இன்னும் காதிஷ்..."

"அங்கேர்ந்தே சொல்லட்டும். நாம மனசால ஆமென் சொல்லிக்கலாம். மனசுதானே முக்கியம்?"

சாத்தினேன். நான் புதியவன், என்னையும் ஒருவர் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

தொழுகை முடிந்ததும் ஒரு தட்டில் வினிகரில் ஊறவைத்த மீனும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். புத்தகத்தின் மேல் பனி படிந்திருந்தது. ஹெர்ஷல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பாக்கறீங்க?"

"உங்க கதவுல எழுதியிருக்கறதைத்தான் தம்பி. கதவு திறந்திருந்தப்போ எழுத்து கண்ணுல படவே இல்ல. நீ சாத்தினப்புறம்தான் பளிச்சுனு தெரிஞ்சுது."