கழுத்துத் துணி இல்லாமல் வரமாட்டேன்

ஜெயங்கொண்டம்,
12.1.2004

அன்புள்ள மச்சான் வெள்ளைச்சாமிக்கு,

ராசாங்கம் எழுதுவது. இங்கே உங்கள் அக்கா கமலவேணியும் நானும், என் கழுத்துத் துளை உட்பட, சுகம். செட்டிகுளத்தில் அனைவரையும் முருகன் நல்லபடி வைத்திருக்கட்டும்.

உங்கள் மகள் தேவயானி கல்யாணத்துக்கு நான் கழுத்தில் ஈரத்துணி கட்டாமல் வந்தால் நல்லது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று போன வாரம் போனில் அக்காவிடம் சொன்னீர்களாம். முந்திரி ஏலத்தில் முப்பது வருடம் கூவிய தொண்டை இது. புற்று வந்து, ஆவணியில் திருச்சியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. மூக்கு இருக்கிறது, கண்ணாடி மாட்ட. அது செய்துவந்த ஈரமாக்கும் வேலையை இந்தத் துணி செய்கிறது. இது புரியாமல் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு என்னைப் போர்வைக்குள் திணித்து மூக்குக்கு ஆவி காட்டியது. "நல்லா இழுங்கண்ணே!" என்றது. எதை இழுப்பது? முகம்தான் வெந்தது.

உங்கள் பேச்சைக் கேட்டு, பழகிப் பார்ப்போமே என்று வியாழக்கிழமை துணி இல்லாமல் வெள்ளைச் சட்டையோடு கடைத்தெருவுக்குப் போனேன். பனிக்காற்று, லாரிப் புழுதி. சளி இளகத் துளையில் விடும் உப்புநீர்ச் சொட்டும் விடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது கழுத்து விசிலடித்தது. பிறகு விசில் நின்றது, மூச்சும் நின்றது மச்சான். கத்த முடியாதே! பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போட்டேன். "என்னத்த ஒடச்சீங்க?" என்று ஓடிவந்த கமலவேணி, என் முகத்தைப் பார்த்ததும் துளையில் உப்புநீரைச் சொட்டி, "குனிங்க, இருமுங்க, இன்னும்!" என்றாள். நாலாவது இருமலில் சுண்டைக்காய் அளவு காய்ந்த சளி தெறித்துக் காலண்டரில் ஒட்டியது. அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆறுதல் சொல்லக் குரல் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். துணி கட்டித்தான் வருவேன், முன்வரிசையில்தான் உட்காருவேன். ஓமப்புகை வந்தால் நாற்காலியை நகர்த்துவேனே தவிர ஊர் திரும்பமாட்டேன். யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். இஷ்டமில்லையென்றால் பத்திரிகையில் என் பெயரை அடித்துவிடுங்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் நூறாண்டு நன்றாக மூச்சு விட்டு வாழட்டும்.

இப்படிக்கு,
ராசாங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனால் வாசலில் நீங்களே நிற்கிறீர்கள். கையில் என் கழுத்துக்குக் கட்ட ஆறு மல்துணி, என் வேட்டிக் கரைக்குப் பொருத்தமாகப் பச்சை ஓரம் வைத்து தேவயானி தைத்ததாம். "அக்கா எல்லாம் சொல்லுச்சு. தெரியாமப் பேசிட்டேன் மாமா, முன்னால வந்து உக்காருங்க" என்கிறீர்கள். மேலே எழுதிய கோபம் அத்தனையும் வாபஸ். ஆனாலும் வாயால் திட்ட வழியில்லாதவன் மூன்று நாள் யோசித்து எழுதியது, வீணாக்க மனமில்லை. எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.