சட்டி யார் எடுப்பது?

"இந்த வாய்க்குப் படிப்பும் சேர்ந்தா ஊரு தாங்குமா லா?"

நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று, லாரி ஓட்டும் என் மாமா கேட்டது இது. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம் எங்களுடையது. (எங்களுடையது என்றால், பழம் பொறுக்கியது நாங்கள்.) குடும்பத்தில் முழுதாகப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததே இல்லை.

ஞாயிறு பத்திரிகையில் என் கட்டுரைகள் வரத் தொடங்கியதும் வாசகர்களும் தோழிகளும் வாட்சாப்பில் எழுதினார்கள். ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. "உங்க கட்டுரைய படிச்சிக்கிட்டே தூங்கிட்டேன்" என்றார் ஒருவர். "கிளினிக்ல இதுக்கு மாத்திரை வாங்கணும், நம்மகிட்ட இலவசம்" என்று போட்டேன். (அனுப்பிவிட்டு நானே மறுபடி படித்துச் சிரிப்பேன். வேறு யார் சிரிப்பது?)

தோட்டத்துக் கோயில் தலைவரின் மனைவி சரசா அக்காவும் என் வாசகி. என் கட்டுரைகள் புத்தகமாகப் போகின்றன என்று தெரிந்ததும் ஒருநாள் வாட்சாப்பில் கேட்டார்: "தங்கச்சி, ஒன் புக்கு நல்லபடியா வரணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கவா?"

"தாராளமா! வந்தா நானே தீச்சட்டி எடுக்கறேன்னு சொல்லிடுங்க. குளுகுளுன்னு ஏர்கோன் வச்ச சட்டியா பாத்து வைங்க!" கூடவே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

அக்கா விளக்கேற்றி அப்படியே சொல்லிவிட்டார், ஏர்கோனை மட்டும் விட்டுவிட்டு. புத்தகமும் வந்துவிட்டது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளில் அம்மா போனில் கூப்பிட்டார்.

"தீச்சட்டி எடுக்கறவங்கன்னு மைக்குல ஒன் பேர சொல்றாங்கடி."

"ஐயோ, அது சும்மா வெளாட்டும்மா!"

"யாருகிட்ட வெளாட்டு? சரசாகிட்டயா, ஆத்தாகிட்டயா?"

"வாட்சாப்புல சொன்னதெல்லாம் வேண்டுதலாம்மா? சட்டி எடுக்கற அன்னிக்கு சிரம்பான்ல எனக்குப் புத்தக வெளியீடு."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. என் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். (படித்தவளின் புத்தி.)

சிரம்பானில் மாலையும் கழுத்துமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா ஒரு வீடியோ அனுப்பினார். மஞ்சள் சேலையில் அம்மா. முழங்கால் வலியோடு பழம் பொறுக்கும் அதே அம்மா, எரியும் சட்டியை ஏந்திச் செம்மண் பாதையில் நடந்துவந்தார். ஒலிபெருக்கி முழங்கியது: "நமது எழுத்தாளர் அவர்களின் சார்பாக, அவருடைய தாயார்!"

பதில் தட்டத் தொடங்கி, அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரவு வீட்டுக்கு ஓடினேன். தேத்தண்ணிக் கிளாஸை அம்மா துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார்.

"ரொம்ப சூடாம்மா?"

"தேத்தண்ணியா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதற்கு வாக்குக் கொடுத்தாலும், "சட்டி யாரு எடுக்கறது?" என்று மாமா கேட்பார். காலையில் பசியாற நாசி லெமாக் வாங்கி வருகிறேன் என்றால்கூட. அம்மாதான் முதலில் சிரிப்பார். எனக்கு இன்னும் முழுதாகச் சிரிக்க வரவில்லை.

இந்த ஆண்டுத் திருவிழா நெருங்கிவிட்டது. சரசா அக்காவிடமிருந்து நேற்று செய்தி: "தங்கச்சி, ஒன் பேர போடவா?"

சட்டி எடுக்க மணிக்கட்டில் ஏற்கெனவே கட்டியிருந்த மஞ்சள் காப்பைப் படமெடுத்து அனுப்பினேன். சிரிக்கும் முகம் எதுவும் போடவில்லை.