உம் பேரு என்ன சாமி?

"எம் பொண்ணு ஏனுங்க டீச்சர் நாயாட்டக் குலைக்கறா?"

திங்கட்கிழமை, காலை மணி அடிப்பதற்கு முன்பே யு.கே.ஜி. வகுப்பு வாசலில் வந்து நின்றார் சந்தோஷ்குமார். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அவர் விரலைப் பிடித்தபடி மகள் யுவஸ்ரீ, யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல் நின்றிருந்தாள்.

மதுமதி டீச்சருக்கு விஷயம் புரியச் சற்று நேரமாயிற்று. முந்தின நாள் சந்தோஷ்குமாரின் தங்கை மஞ்சுளாவைப் பெண் பார்க்கப் பரமத்தி வேலூரிலிருந்து ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். காபியைக் குடித்து முடித்த மாப்பிள்ளையின் அப்பா, குழந்தையை அருகில் கூப்பிட்டு, "உம் பேரு என்ன சாமி?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். யுவஸ்ரீ தரையில் நாலுகாலில் நின்று வள்வள்ளென்று குரைத்து, அவர் வேட்டி நுனியைப் பல்லால் கவ்வி இழுத்துவிட்டாள்.

"அந்த எடம் போச்சுங்க. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்குதான்னு தரகர்கிட்ட விசாரிச்சாங்களாம்."

தப்பு மதுமதியுடையதுதான்.

பக்கத்துப் பள்ளியில் பிரெஞ்சு தொடங்கிய மறுநாளே தாளாளர், நம் பள்ளியில் ஸ்பானிஷ் என்று போர்டு வைத்துவிட்டார். சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு மதுமதி தலையில் விழுந்தது. போனைப் பார்த்து அவளாகவே நாற்பது சொற்கள் கற்றுக்கொண்டாள். எழுத்து, புத்தகம் எதுவும் வேண்டாம், பாட்டும் ஆட்டமும் போதும் என்று தீர்மானித்தாள். 'சால்தா' என்றால் குதிக்க வேண்டும். 'காசா' என்றால் வீடு. தலைக்கு மேல் கைகளைக் கூரைபோல் சேர்க்க வேண்டும். 'பெர்ரோ' என்றால் நாய். நாலுகாலில் நின்று குரைக்க வேண்டும். இருபத்தாறு குழந்தைகள். இப்போதெல்லாம் காலையில் ஒரு குழந்தைகூட அழுதுகொண்டு வருவதில்லை. அதில் அவளுக்கு யாரிடமும் சொல்லாத பெருமை ஒன்று இருந்தது.

பெர்ரோவும் பேரும் நாலு வயதுக் காதில் ஒன்றாக விழும் என்று மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை கலைமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இன்னொரு புகார் வந்துதுன்னா ஸ்பானிஷ் இருக்காது மது. நீயும் இருக்க மாட்ட."

அன்றைக்கே நாயை வகுப்பிலிருந்து துரத்தினாள் மதுமதி. பேரைக் கேட்டால் சொல்வதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டினாள். நெஞ்சில் கைவைத்து, 'மே யாமோ' என்று சொல்லி, பெயரைச் சொல்லிக் கைதட்ட வேண்டும். 'மே யாமோ' என்றால் என் பெயர். வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தாறு பேரும் பிசகில்லாமல் சொன்னார்கள். யுவஸ்ரீயை மட்டும் தனியாக மூன்று முறை கேட்டுப் பார்த்தாள்.

"மே யாமோ யுவஸ்ரீ!"

நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை சந்தோஷ்குமார் சத்தம் போடவில்லை. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"இந்தவாட்டி நாய் இல்லீங்க டீச்சர்."

"அப்பாடா!"

"ஆடுங்க."

ஜலகண்டாபுரத்திலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளைப் பையனே ஆசையாகப் பேரைக் கேட்டிருக்கிறான். யுவஸ்ரீ "மேஏஏ" என்று நீட்டி இழுத்துக் கத்தி, தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்து அவன் முழங்காலில் ஒரே முட்டு. கையிலிருந்த காபி முழுக்க வெள்ளைச் சட்டையில்.

"மே யாமோன்னுதாங்க சொல்லிக்குடுத்தேன். முட்டறதுக்கெல்லாம் நான் சொல்லித் தரவே இல்லீங்களே!"

"பின்ன எங்கிருந்துங்க வருது? பரீட்சைக்குப் படிக்கோணும் படிக்கோணும்னு ரெண்டு வருசமாக் கல்யாணத்தத் தட்டிக் கழிச்ச எந்தங்கச்சி, இப்பத்தான் சரின்னு தலையாட்டுனா. ரெண்டு எடமும் போயிருச்சு. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்துனவ, சாப்பிடக்கூட வெளிய வரலீங்க. அவ மொகத்தப் பாக்கவே முடியல."

அவர் குரல் உடைந்தது.

அன்றோடு ஸ்பானிஷ் நின்றது. படங்களைச் சுருட்டிப் பீரோ மேல் போட்டாள். "சால்தா இல்லீங்களா மிஸ்?" என்று கேட்டவர்களை அ, ஆ எழுத உட்கார வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு குழந்தைகள் அழுதன. அவளுக்கும் அழுகை வந்தது. வேலை போனால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம். தன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் தடைப்பட்டது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்து, அன்று சாயங்காலமே ஒரு சீப்பு பழத்தோடு டவுன் பஸ் ஏறினாள்.

வீட்டில் மஞ்சுளாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒல்லியான பெண். தலை நிமிரவில்லை.

"எல்லாம் என்னாலதான். மன்னிச்சிருங்க மஞ்சுளா."

மஞ்சுளா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கோபித்துக் கத்தியிருந்தால்கூட மதுமதிக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

சந்தோஷ்குமார் மகளைக் கூப்பிட்டார். ஒரு முன்னெச்சரிக்கையாகக் கால்கள் இரண்டையும் சோபாவுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"உம் பேரு என்ன சாமி?"

"யுவஸ்ரீ."

"இன்னொருக்காச் சொல்லு?"

"யுவஸ்ரீங்கப்பா."

"பாத்தீங்களா டீச்சர்! அதை நிறுத்துனதும் புள்ளைக்குத் தெளிஞ்சிருச்சு. கோவத்துல ஏதாச்சும் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வந்து எச்செம்மு மேடத்துக்கிட்ட நானே சொல்லிடறேன்."

வேலை தப்பியது. மதுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சர பஸ் ஏத்திட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினாள் மஞ்சுளா.

கோழிக் கொட்டகைகளைத் தாண்டி இருவரும் நடந்தார்கள். பஸ் ஸ்டாப் வந்ததும் மதுமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலப்படாதீங்க. இனிமே எந்தத் தொந்தரவும் வராது. நல்ல எடமா அமையும்."

மஞ்சுளா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாப்பிள வீட்டுக்காரங்க கேட்டா மட்டும் ஆடாட்டம் முட்டப் பழக்கறதுக்கே எனக்கு மூணு நாளாச்சுங்க டீச்சர், ராசிபுரத்துக்காரங்க வேற இந்த ஞாயித்துக்கெழமையே வாராங்களாம், கழுதைக்கு ஸ்பானிஷ்ல என்னங்க?"