இருபது நிமிட நடை

எங்கள் சனத்துக்கு நேரம் இரண்டு வகை. கல்யாணக் கார்ட்டில் அச்சடிப்பது ஒன்று, மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்து சேருவது மற்றது. இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால் சமையல் முடியாமல் வீட்டுக்காரருக்குத்தான் அவமானம். இப்படி வளர்ந்த ஒருவனிடம், நோயாளிக்கு எத்தனை நிமிடம் பயிற்சி கொடுக்கப் போகிறாய், உண்மையில் எத்தனை நிமிடம் கொடுத்தாய் என்று தனித்தனியாக எழுதச் சொன்னால் உருப்படுமா?

அப்போது நான் புதிதாகப் படித்து முடித்த கினே. எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பவனுக்கு இங்கே பிரெஞ்சில் அதுதான் பெயர். எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலுக்குப் பின்னால் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை. அந்த வெள்ளிக்கிழமையோடு என் சோதனைக் காலம் முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பிரிவுத் தலைவியான மதாம் சொல்ல வேண்டும். (கார்ஜ் என்ற புறநகரில் இருந்த என் அம்மா அதுவரை பொறுக்கவில்லை. தெரிந்த சனம் எல்லாருக்கும் மகனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லி முடித்துவிட்டார்.)

கணினியில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு கட்டங்கள். 'எஸ்திமே' என்ற கட்டத்தில் மதிப்பிட்ட நிமிடம், 'ரேயெல்' என்ற கட்டத்தில் உண்மையில் நடந்த நிமிடம். முதலாவதைக் காலையிலும் மற்றதைப் பயிற்சி முடிந்த பிறகும் எழுத வேண்டும். பின்னேரத்தில் கணினிக்கு வரிசை நிற்கும், என் ரயில் போய்விடும். எனவே கெட்டிக்காரனான நான் இரண்டையும் காலைக் கோப்பியோடு சேர்த்து முடித்துவிடுவேன். இருபது, இருபது. முப்பது, முப்பது. இவ்வளவு துல்லியமான கினேயைத் தான் கண்டதில்லை என்று மதாம் ஒருநாள் பாராட்டினார். நானும் வெட்கம் கெட்டுத் தலையை ஆட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை திலகம் அன்ரியின் முறை. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். அறை வாசல்வரை நடந்துவிட்டு, "காணும் தம்பி, உயிர் போகுது" என்பார். வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. படி ஏறும்வரை அனுப்ப முடியாது. அன்ரிக்கு அதில் பெரிய கவலை ஒன்றும் தெரியவில்லை. இங்கே தேத்தண்ணி கட்டிலுக்கே வருகிறதாம்.

அன்றைக்குத் தெருவில் இருபது நிமிடம் நடக்கலாம் என்றேன். மறுப்பார் என்று நினைத்தால், கைப்பையை எடுத்தார், பொட்டு வைத்தார். (பயிற்சிக்கு எதற்குப் பொட்டு என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.) போன் என் அலுமாரியில் கிடக்க, அவர் கைத்தடியோடும் நான் வெறுங்கையோடும் வெளிக்கிட்டோம்.

மீன்கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டோம். கடைக்கார அண்ணை கதிரை போட்டார். அன்ரி விழுந்த கதையை முதலிலிருந்து சொன்னார். தேத்தண்ணி வந்தது. பிறகு மரக்கறிக்கடை, அங்கேயும் கதிரை, அங்கேயும் அதே கதை, ஆனால் குளியலறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நேரம் போகிறது என்று நான் முனகினேன்.

"தேடி வந்த சனத்தை ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காமல் விடுவினமோ? சும்மா இரும் தம்பி" என்றார் அன்ரி.

அடுத்தது சேலைக்கடை. அது முதலாம் மாடியில். நான் வாய் திறப்பதற்குள் அன்ரி பாதிப் படி ஏறிவிட்டார். கடைசியாக ஒரு சாப்பாட்டுக் கடையில் மட்டன் ரோல்ஸ் வந்தது. முதலாவதை மரியாதைக்குச் சாப்பிட்டேன். மூன்றாவதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

அங்கே இல்லத்தில் மதியச் சாப்பாட்டோடு போன தாதி காலிக் கட்டிலைக் கண்டிருக்கிறார். கணினியைப் பார்த்தால், பயிற்சி நடந்தது இருபது நிமிடம். அப்படியென்றால் நோயாளி எப்போதோ அறைக்குத் திரும்பிவிட்டார். கழிப்பறை, தோட்டம், துணி அலுமாரி எல்லாம் தேடி, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்து, கடைசியில் அன்ரியின் மகனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் விமான நிலைய வேலையை அப்படியே போட்டுவிட்டு, கூசேன்வில் வீட்டில் இருந்த மனைவிக்கும் அழுதுகொண்டே சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

நாங்கள் திரும்பியபோது வாசலில் எல்லாரும் நின்றார்கள். அன்ரியின் கையில் கைத்தடி. என் கையில் மீன், முருங்கைக்காய், ஒரு சேலைப்பை.

மதாம் எங்களை உள்ளே கூட்டிப்போய்க் கணினித் திரையைத் திருப்பி, நான் பதிந்த நேரத்தைக் காட்டினார். இன்னும் நடக்காத நடை இருபது நிமிடம்தான் என்று காலை எட்டு மணிக்கே எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கார்ஜில் அம்மா தலைகுனிந்து நிற்பது என் கண்முன் வந்தது. தினமும் இப்படித்தான் எழுதுகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது அன்ரி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் குறுக்கே வந்தார். தம்பி எழுதியது சரி, தான் நடந்தது இருபது நிமிடம்தான், மற்ற நேரமெல்லாம் கதிரையில் இருந்தது, இருப்பதெல்லாம் பயிற்சிக் கணக்கில் வருமா என்று மதாமையே கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நல்ல கினே என்று நிரூபிக்க, சேலைக்கடைப் படியைத் தனியாக ஏறியதையும் சொன்னார்.

"எந்தப் படி, அம்மா?" என்றார் மகன்.

என்னைக் காப்பாற்றப் போய் அன்ரியின் விடுமுறை பறிபோனது. திங்கட்கிழமையே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "உம்மாலைதான் தம்பி, இனி நான்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி போடவேணும்" என்றார்.

மதாம் என்னை அனுப்பவில்லை, நிரந்தரமாக்கவும் இல்லை. சோதனைக் காலத்தை நீட்டி, முட்டை அவிக்கும்போது வைக்கிற மணி ஒன்றை என் கழுத்தில் தொங்கவிட்டார். அது அடித்த பிறகுதான் கணினியைத் தொடலாம். நான் வீடு போய்ச் சேருவதற்குள் மீன்கடை வழியாக அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தொடங்கிய நக்கல் இன்னும் ஓயவில்லை.

இப்போது நான் நிரந்தரம். வீட்டில்தான் சோதனைக் காலம் முடியவில்லை. லா சப்பலில் சாமான் வாங்கப் போய், இருபது நிமிடத்தில் வருகிறேன் என்று வீட்டுக்குப் போன் எடுத்தால் இங்கே பிறந்த மகள் கேட்கிறாள்:

"எஸ்திமேயா, ரேயெலா, பப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி என் சோற்றை மூடி வைக்கிற சத்தம் கேட்கும்.