எங்கள் எஸ்டேட்டுக்குச் சர்க்கரை வந்த வாரம்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், நோய் நொடி தெரியும் முன்பே உடம்பைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று யாராவது பேச்சை எடுத்தால், நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன். கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதை வாய் திறந்து சொல்லும் யோக்கியதையை எண்பதுகளின் நடுவில், ஒரே வாரத்தில் தொலைத்துவிட்டேன். பதினெட்டுப் பேரை உயிரோடு சாகடித்தவன் நான். பத்தொன்பதாவது ஆளுக்குச் செய்தது அதைவிட மோசம்.

அப்போது ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். (கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதுகிறவன்.) ஒண்டிக்கடை என்கிற இடத்தில் மளிகைக்கடை வைத்திருந்த கரீம் பாய் எனக்கு உயிர்ச் சிநேகிதர். கடை ஓரத்தில் ஒரு டீ பாய்லரும் உண்டு. சாயங்காலம் ஆபீசைப் பூட்டியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே அங்கே போய்விடும்.

அந்த வருடம் பாயின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சொம்பு வந்து உட்கார்ந்தது. மலைக்குளிரில் எல்லோரும் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் பச்சைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தார். குடித்த கையோடு கடைக்குப் பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்து மறுபடி குடித்தார். இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

"பாய், இது சர்க்கரை வியாதி மாதிரி தெரியுதுங்க. ஒருக்கா சேலத்துல போய்ப் பார்த்துட்டு வந்துருங்களே" என்றேன்.

"ஏனுங்க ரைட்டரே, தண்ணி குடிக்கறதெல்லாம் ஒரு வியாதிங்களா? நோவே இல்லாதவன் டாக்டர்கிட்ட போனா, அவரு சும்மா உடுவாருங்களா? எதையாச்சும் கண்டுபிடிச்சுத்தானுங்க அனுப்புவாரு."

இந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து டாக்டர்கள் வந்து, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இலவச முகாம் நடத்தப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ரத்த அழுத்தம், எடை, சிறுநீரில் சர்க்கரை. காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுவர வேண்டும். பாயைத் தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார், கூட்டத்தோடு கூட்டமாக இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எஸ்டேட் முழுக்கப் பிரசாரத்தில் இறங்கினேன். பொன்னுச்சாமிக் கங்காணி உள்பட பதினெட்டுப் பேரைப் பிடித்துவிட்டேன், என்னையும் சேர்த்து.

பதினெட்டுப் பேருக்கும் பாட்டில் வேண்டுமே? அதற்கா பஞ்சம்! வருடாவருடம் மலைக்கிராமத்துச் சடையக் கவுண்டர் சின்னச் சின்ன பாட்டில்களில் மலைத்தேன் கொண்டுவந்து முதலாளி பங்களாவுக்குக் கொடுப்பார். சமையல்காரர் அதைப் பெரிய ஜாடியில் கொட்டிக்கொண்டு, காலி பாட்டில்களை ஆபீஸ் பரணில் தள்ளிவிடுவார். இரண்டு டஜன் இருந்தது. நானே ஓடையில் கழுவினேன். ஐப்பசிக் குளிர். ஓடைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டிலின் அடியில் உறைந்து கிடக்கும் தேன் அந்தத் தண்ணீருக்கு அசையுமா என்கிற யோசனை, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த என் மண்டையில் உதிக்கவில்லை. மேலாக அலசி, காப்பி சாம்பிளுக்கு ஒட்டுவதுபோல் அழகாகப் பெயர்ச்சீட்டு வேறு ஒட்டிக் கொடுத்தேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நர்ஸம்மா ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் சில சொட்டுகள் விட்டுக் காய்ச்சினார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் ஜாஸ்தி. செங்கல் நிறம் வந்துவிட்டால் நாலு பிளஸ், நிலைமை மோசம். ஊர்க்காரர்களின் குழாய்களெல்லாம் பெரும்பாலும் நீலமாக நின்றன. அடுத்து எங்கள் முறை வந்தது.

முதல் குழாய் செங்கல். இரண்டாவது செங்கல். மூன்றாவது பொன்னுச்சாமிக் கங்காணியுடையது, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல். நான் மீசையை நீவிக்கொண்டு, "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றேன். (இந்த வாக்கியத்துக்காகவே என்னை அந்த இடத்தில் யாராவது ஓர் அறை விட்டிருக்கலாம்.) ஆறாவது குழாய் என்னுடையது. அதுவும் செங்கலானதும் மீசையிலிருந்து கை தானாக இறங்கிவிட்டது.

இளவயது டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஒரே எஸ்டேட்ல பதினெட்டுப் பேருக்கு நாலு பிளஸ்ஸா? அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"களியும் கருவாடுமுங்க சாமி" என்று கங்காணி அழுதுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கரீம் பாய் தூறலில் நனைந்துகொண்டு வந்தார், வெறுங்கையோடு. பாட்டில் கொண்டுவர மறந்துவிட்டதாம். நர்ஸம்மா தங்களுடைய கண்ணாடி கிளாஸ் ஒன்றை வெந்நீரில் கழுவிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கூரை இல்லை. மழைத் தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்று, சுவருக்கு வெளியே நின்று கையை நீட்டி உள்ளே குடை பிடித்தவன் நான். பாயின் குழாயும் செங்கலானது. எங்கள் வரிசையில் அவரையும் நிறுத்தினார்கள். எல்லோரும் அடுத்த வாரம் சேலம் வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சீட்டு எழுதித் தந்தார்கள்.

அன்றோடு எஸ்டேட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. ஏற்காட்டுக் கடைகளில் பாகற்காய் தீர்ந்துபோய், சேலத்திலிருந்து பஸ்ஸில் மூட்டையாக வந்தது. பொன்னுச்சாமிக் கங்காணி டீயை விட்டார், சோற்றை விட்டார், கடைசியில் பேச்சையும் விட்டார். நான் அவரையும் மிஞ்சினேன். ஒன்பதாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டு, டைப்ரைட்டிங் கற்றுக்கொள், அம்மாவைப் பார்த்துக்கொள், என் போட்டோவுக்குப் பெரிய மாலை வேண்டாம் என்றெல்லாம் சொல்லி அவளைத் தேம்பவிட்டேன். நாற்பத்தாறு வயது. இவ்வளவுதானா என்று நினைத்து நினைத்து நானே எனக்காக அழுதேன்.

போதாததற்கு எறும்பு. முகாமிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த பாட்டில்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டிருந்தோம். நாலாம் நாள் அவற்றில் எறும்பு கறுப்பாக மொய்த்துக்கிடந்தது. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்பது யாருக்குத்தான் தெரியாது? பதினெட்டுப் பேரும் வரிசையாக நின்று, அவரவர் பெயர்ச்சீட்டில் எறும்பு ஊர்வதைப் பார்த்தோம்.

அன்று மத்தியானம் என் மனைவி உப்பில்லாத களியும் பாகற்காய்க் கூட்டும் கொண்டு ஆபீசுக்கு வந்தாள். (சர்க்கரைக்கு உப்பை எதற்கு நிறுத்தினாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.) தூக்குப்போசியை வைக்க இடம் தேடிப் பரணைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே மீதி ஆறு பாட்டில்கள் இருந்தன.

"ஏனுங்க, இது யாரோடதுங்க?"

"யாரோடதும் இல்ல. மிச்சம்."

"அப்ப இதுல இன்னும் யாரும் ஒண்ணுக்கே போவலையேங்க. இதுக்கு எதுக்குங்க எறும்பு?"

நான் ஒரு பாட்டிலை எடுத்து முகர்ந்தேன். பிறகு விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். மலைத்தேன், சுத்தமான முதல் தரம்.

செய்தி எனக்கு முன்னால் மலை முழுக்கப் போய்விட்டது. பொன்னுச்சாமிக் கங்காணி ஒரே மூச்சில் நாலு டீ குடித்தார். என்னை அடிக்க வந்தவர்கள்கூடச் சிரித்துச் சிரித்துக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனி ரத்தப் பரிசோதனைக்கு ஒருத்தரும் சேலம் போவதாக இல்லை. எனக்கோ டாக்டர் முகத்தில் விழிக்கவே தைரியமில்லை. சாயங்காலம் ஒண்டிக்கடைக்குப் போகும் வழியில்தான் எனக்குச் சுரீரென்றது. பாய் கொடுத்தது எங்கள் பாட்டிலில் இல்லையே.

கடையில் திருவிழாக் கூட்டம். பாய் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக டீ கொடுத்துக்கொண்டிருந்தார். தன் கிளாஸிலும் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

"பாய், அதைக் குடிக்காதீங்க" என்றேன். "உங்களுது நம்ம பாட்டில் இல்லீங்க. அவங்க கிளாஸு. வெந்நீர்ல கழுவுனதுங்க. நான் பக்கத்துலயே நின்னு குடை பிடிச்சேனுங்களே."

பாய் கடைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா கதைய? பதினெட்டுப் பேருகிட்ட பொய் சொன்ன டெஸ்ட்டு, எங்கிட்ட மட்டும் நெசம் சொல்லுச்சாமா! ஏனுங்க ரைட்டரே, எனக்கு மட்டும் தனிக் கண்டமுங்களா?"

கடையே வெடித்துச் சிரித்தது. என்னிடம் பதில் இருந்தது. பொய் சொன்னது டெஸ்ட் இல்லை, நான் கழுவிய பாட்டில். உங்களுக்கு அந்தப் பாட்டில் இல்லை. இரண்டே வரி. ஆனால் நாலு நாளாக ஊரையே அழவைத்த மடையன், மறுபடியும் டாக்டர் வேஷம் போட்டால் என்ன ஆகும்? இன்னொரு சுற்று சிரிப்பார்கள். அதற்குப் பயந்தேன். பாய் என் கையில் ஒரு டீயைத் திணித்தார். நானும் சிரித்தேன். அவரோடு சேர்ந்து அந்த டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூன்று வருடம் கழித்து, அடிவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போன பாய்க்கு வலது காலில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறவில்லை. விரல் கறுத்தது. சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை பல வருடமாக இருந்திருக்கிறது, முன்பே பார்த்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். அதன்பிறகுதான் நானும் போய் என் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் ஒன்றுமில்லை. அதை வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பாய் கடையைவிட்டு நகரவில்லை. கட்டைக்காலோடு கல்லாவில் உட்கார்ந்து, புதிதாக யார் வந்தாலும் எஸ்டேட்டுக்குச் சர்க்கரை வந்த கதையைச் சொல்வார். என்னைவிட நன்றாகவே சொல்வார். கங்காணி அழுத இடம், எறும்பு ஊர்ந்த இடம், என் மனைவி கேட்ட கேள்வி, எல்லாம் வரும். கண்ணாடி கிளாஸ் மட்டும் வராது. எங்கள் வீட்டிலும் மருமகன் முதல் பேரப்பிள்ளை வரை இதைச் சொல்லித்தான் என்னைக் கலாய்க்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சர்க்கரை இல்லாத டீயை ஆற்றிக்கொண்டே, சண்டைக்கு இழுக்காத குரலில் பாய் சொன்னார்: "அன்னிக்கு நீங்க மட்டும் சிரிக்காம இருந்திருந்தீங்கன்னா, நான் போயிருப்பேனுங்க ரைட்டரே."

அப்போது சேலத்து பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், டீ இருக்கிறதா என்று கேட்டபடி உள்ளே வந்தார். "இருக்குதுங்க, வாங்க. உக்காருங்க" என்ற பாய், என் பக்கம் கையைக் காட்டி, "இவரு யாருன்னு தெரியுமுங்களா?" என்று கதையை ஆரம்பித்தார். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் நானும் சிரித்தேன்.